வழியனுப்பப் பதினேழு படி இறங்கினேன்

1

இந்த வாரத்தோடு எனக்கு இடுப்பில் ஆப்பரேஷன் ஆகி ஒரு வருடம் முடிகிறது. இன்று காலையும் வழக்கம்போல ஆறரைக்கு எழுந்தேன். ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. டென்மார்க்கில் ஜனவரி மாதம் நாங்களெல்லாம் அலுவலகம் போய்ச் சேர்ந்த பிறகுதான் சூரியன் வேலைக்கு வரும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வலது பாதம் தொங்காமல் தாங்கும் பிளாஸ்டிக் பட்டையை மாட்டி, ஷூவைப் போட்டு, கைத்தடியை எடுத்துக்கொண்டு பதினேழு படி இறங்கினேன். இறங்கும்போது வலது கால் முதலில். ஏறும்போது இடது கால் முதலில். இது இப்போது யோசிக்காமலே வருகிறது.

பஸ் நிறுத்தம் வரைக்கும் எனக்கு எட்டு நிமிடம், மற்றவர்களுக்கு நான்கு. ரொட்டிக் கடையைத் தாண்டும்போது அடுப்பிலிருந்து வரும் வாசனையை அவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறேன். எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருக்கிறது.

நான் கம்பத்துக்குப் பக்கத்துக் காமயகவுண்டன்பட்டிக்காரி. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள். அப்பாவும் அம்மாவும் திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள். அப்பா இப்போது இல்லை. அம்மா இன்னும் தோட்டத்துக்குப் போகிறாள். தேனி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே போன நான், இன்று காற்றாலை இறக்கை எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு வளையும் என்று பார்க்கும் இன்ஜினியர். இதைச் சொல்லும்போது என் தலை கொஞ்சம் நிமிரும். அந்த நிமிர்வால் ஒரு தடவை என் காலையே இழக்கப் பார்த்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

2

ஆப்பரேஷனுக்கு மூன்று வருடம் முன்பே எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருப்பது தெரிந்துவிட்டது. உடம்பின் காவல்காரர்களே வழி தவறி, நரம்புக்கு மேலே இருக்கிற உறையை அரித்துவிடுகிற நோய். மூளை நட என்று சொல்லும், அந்தச் சொல் காலுக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி ஒழுகிவிடும். சூடான தண்ணீரில் குளித்தால், அதிகம் களைத்தால், இன்னும் ஒழுகும். இதை அம்மாவுக்குப் போனில் விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

"கிணத்து மோட்டார் வயர எலி கடிச்சா என்னம்மா ஆகும்?"

"மோட்டார் விட்டு விட்டு ஓடும்."

"அதேதான். என் நரம்ப எலி கடிச்சிருக்கு."

அம்மா கேட்டாள். "அந்த எலி எங்கிட்டிருந்து வந்துச்சு?"

"என் உடம்புலயேதான் இருக்கு."

"நல்லாருக்கு போ. வாடக குடுக்காம உள்ளயே குடியிருக்கா?"

அன்றைக்கு இருவரும் சிரித்தோம். மருந்து எடுத்துக்கொண்டேன், வேலைக்குப் போனேன், வலது கால் கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான். போன ஜனவரியில் சூப்பர் மார்க்கெட் வாசலில் உறைந்த பனி மேல் வழுக்கி விழுந்தேன். அதே வலது பக்கம். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்துவிட்டது. மறுநாளே ஆணி வைத்துப் பொருத்தினார்கள்.

எலும்பு ஒட்டுவது பெரிய விஷயமில்லை, என் வயதுக்கு ஒட்டிவிடும் என்றார் டாக்டர். கால் நடையை மறக்காமல் இருக்கவேண்டும் என்பதுதான் பெரிய விஷயம். எனக்கு நடை சொல்லிக்கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பெயர் மெட்டே. என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். இந்த ஊரில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும். முதல் வாரம் முழுக்க அவரைக் கூப்பிடாமலே சமாளித்தேன்.

மெட்டே மழுப்பிப் பேசமாட்டார். "மற்றவர்கள் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு நடந்தால்கூட நடை வந்துவிடும். உனக்கு அப்படி வராது. இந்த மூன்று மாதத்தில் வருகிற நடைதான் உனக்கு மிச்ச காலத்துக்கும். பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி வேண்டும். இல்லையென்றால் சக்கர நாற்காலிக்கு இப்போதே எழுதிப் போட்டுவிடலாம்."

பயிற்சியைத் தருவது நகராட்சி. எத்தனை வாரம் தருவது என்று முடிவு செய்ய, நகராட்சியிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்து பார்ப்பார்.

3

வந்தவர் பெயர் கிர்ஸ்டன். வருவதற்கு முந்தின நாள் அம்மாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"ஆபீஸ்ல இருந்து வீட்டுக்கு வாராகளா? ஏத்தா, வீட்டக் கூட்டுனியா?"

"கூட்டிக்கலாம்மா."

"என்ன கூட்டிக்கலாம்? நாளைக்கு அவுக வந்து, கம்பத்துப் பக்கத்துப் புள்ள எப்பிடி வீடு வச்சிருக்கா பாருன்னு சொல்லணுமா? வந்தவுகளுக்குக் குடிக்க என்ன குடுப்ப?"

"இங்கல்லாம் அதெல்லாம் எதிர்பாக்க மாட்டாங்கம்மா."

"அவுக எதிர்பாக்காட்டிப் போறாக. நீ குடுக்கணும்ல."

மறுநாள் காலை வழக்கமாக ஒன்று போடும் வலி மாத்திரையை இரண்டாகப் போட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து தரை துடைத்தேன். ஊன்றுகட்டைகள் இரண்டும் கூடத்தில் அசிங்கமாகத் தெரிந்தன. அவற்றைக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். ஊரிலிருந்து வந்த முறுக்கைத் தட்டில் அடுக்கினேன். ஏலக்காய் தட்டிப் போட்டுத் தேநீர் வைத்தேன்.

கிர்ஸ்டன் சாந்தமான பெண்மணி. வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு வந்தது எனக்குப் பிடித்துப்போயிற்று. தேநீர்த் தட்டைச் சமையலறையிலிருந்து நானே ஏந்திக்கொண்டு வந்தேன். ஏழு அடி எடுத்துவைக்கவேண்டும். ஒவ்வொரு எட்டுக்கும் உள்ளே இடுப்பு கத்தியது. முகத்தில் காட்டவில்லை. அம்மா தலையில் திராட்சைக் கூடையோடு மேட்டில் ஏறும்போது அப்படித்தான் இருப்பாள்.

"எப்படிப் போகிறது?" என்று கேட்டார் கிர்ஸ்டன். எனக்கு வாய்த்த டேனிஷ் பாடப்புத்தகத்தில் முதல் பாடமே அந்தக் கேள்வியும் அதற்கான பதிலும்தான்.

"நன்றாகப் போகிறது, நன்றி."

"உடை மாற்றிக்கொள்ள முடிகிறதா?"

"முடிகிறது."

"சமையல்?"

"முடிகிறது." முறுக்கைக் காட்டினேன். நான் சுட்டதென்று நினைத்திருப்பார். மறுக்கவில்லை.

"படிக்கட்டு?"

"முடியும்."

முடியும் என்ற ஒரு சொல்லை வைத்துத்தான் நான் காமயகவுண்டன்பட்டியிலிருந்து இங்கே வந்தேன். பதினொன்றாம் வகுப்பில் கணக்கு எடுப்பியா என்று கேட்டார்கள், முடியும் என்றேன். மதுரையில் கல்லூரி விடுதியில் இங்கிலீஷில் பேசுவியா என்று கேட்டார்கள், முடியும் என்று சொல்லிவிட்டுப் பிறகு கற்றுக்கொண்டேன். கேட்கிறவர் கையில் பேனாவும் காகிதமும் இருந்துவிட்டால் என் வாய் வேறு எதையும் சொல்லாது.

கிர்ஸ்டன் கிளம்பினார். வீட்டுக்கு வந்தவரைச் சோபாவில் உட்கார்ந்தபடி போய் வாருங்கள் என்று அனுப்புவதா? எங்கள் பக்கம் ஜென்மத்துக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். எழுந்தேன். "வேண்டாம், வேண்டாம்" என்றார் அவர். அதையும் நான் மரியாதைக்குச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, பேசிக்கொண்டே, பதினேழு படியும் கூடவே இறங்கித் தெருக்கதவைத் திறந்துவிட்டேன்.

"பிரமாதம். நான் நினைத்ததைவிட எவ்வளவோ நன்றாக இருக்கிறாய்" என்றார் கிர்ஸ்டன். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். நான் கை காட்டினேன். அவர் கார் திரும்பும் வரை நின்று காட்டினேன்.

கார் மறைந்ததும் கால் போய்விட்டது. கீழ்ப்படியில் அப்படியே உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. கட்டைகள் மேலே குளியலறைக் கதவுக்குப் பின்னால். போன் சோபாவில். அரை மணிக்கு மேல் அங்கேயே இருந்தேன். பிறகு படிக்கு முதுகைக் காட்டி, கைகளை மேல்படியில் ஊன்றி, பிருஷ்டத்தால் ஒவ்வொரு படியாக ஏறினேன். பதினேழாவது படிக்கு வந்தபோது சிரிப்பாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

4

பத்து நாளில் நகராட்சியின் கடிதம் கணினிக்கு வந்தது. இரண்டு வாரப் பயிற்சி போதும் என்று முடிவு செய்திருந்தார்கள். காரணமும் எழுதியிருந்தார்கள்: சூடான பானத்தைத் தானே தயாரித்துத் தட்டில் எடுத்து வந்தார். துணைக்கருவி எதுவும் வீட்டில் காணப்படவில்லை. உதவியின்றிப் படிக்கட்டில் இறங்கினார்.

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நான் காட்டியதைத்தான் கிர்ஸ்டன் எழுதியிருந்தார்.

மெட்டேயிடம் காட்டினேன். இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யார் இந்தப் பெண்? எனக்கும் கொஞ்சம் அறிமுகம் செய்துவை. இப்படி ஒரு நோயாளி எனக்கு வந்ததே இல்லை."

நான் நடந்ததைச் சொன்னேன். தேநீர், முறுக்கு, கட்டை ஒளித்தது, படி இறங்கியது. பிருஷ்டத்தால் ஏறியதை மட்டும் சொல்லவில்லை.

"மறுபடி பார்க்கச் சொல்லி எழுது. அவர் திரும்ப வருவார். வரும்போது யாரும் பார்க்காத நேரத்தில் நீ எப்படி இருப்பாயோ அப்படி இரு" என்றார் மெட்டே.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னதும் அவள் நகராட்சி மேல் பாய்ந்தாள். "டீத்தண்ணி குடுத்தது ஒரு குத்தமா? குடிச்சிட்டு, முறுக்கையும் தின்னுட்டு, நமக்கு எதுரா எழுதிட்டுப் போயிருக்காக. என்ன மனுசங்க அங்கன?"

"அவங்க மேல தப்பு இல்லம்மா."

"பின்ன யாரு மேல தப்பு, எம்மேலயா?"

"எம்மேலதான்."

"ஆமா, ஒம்மேலதான். படி எறங்கச் சொன்னேனா நானு? டீ குடுன்னுதான சொன்னேன்."

போனை வைத்தபிறகும் அவள் குரல் காதில் நின்றது. எழுதிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. எனக்கு முடியாது என்று என் கையால், என் பெயர் போட்டு, அதுவும் தப்பில்லாத டேனிஷில் எழுதவேண்டும். அதற்கா அந்த மொழியைப் படித்தேன்? ஐந்து நாள் எழுதவில்லை. தந்த இரண்டு வாரப் பயிற்சியில் ஒரு வாரம் போய்விட்டது. காலையில் எழும்போது வலது முழங்கால் விறைத்துக்கொண்டு மடங்க மறுக்க ஆரம்பித்திருந்தது.

5

அந்த ஐந்து நாளில் ஒரு பழைய விஷயம் திரும்பத் திரும்ப நினைவில் வந்துகொண்டிருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் உதவித்தொகைக்காக வருமானச் சான்றிதழ் வாங்கவேண்டியிருந்தது. விசாரிக்கத் தாலுகா அலுவலகத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவர் வருகிறார் என்றதும் அம்மா எதிர்வீட்டிலிருந்து இரண்டு நாற்காலியும் ஒரு டேபிள் ஃபேனும் இரவல் வாங்கிவந்து போட்டாள். கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டாள். கடையிலிருந்து கலர் சோடா வாங்கிவரச் செய்து கொடுத்தாள். வந்தவர் ஃபேன் காற்றில் உட்கார்ந்து கலரைக் குடித்துவிட்டு, வசதியாகத்தான் இருக்கிறார்கள் என்று எழுதிவிட்டுப் போனார். சான்றிதழ் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அம்மா தோட்டத்திலிருந்து நேராக என் பள்ளிக்கு வந்தாள். திராட்சைக் கொடிக்கு மருந்தடிக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துக்கொண்டிருந்தவள், கையைக்கூடக் கழுவவில்லை. முழங்கை வரை நீலம். என்னையும் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனாள். மேசைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"அய்யா, ஃபேனு எங்களுது இல்ல. நாற்காலியும் இல்ல. இந்தக் கை மட்டுந்தேன் எங்களுது."

அங்கே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வெட்கத்தில் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். என் பள்ளிச் சீருடை தெரியக்கூடாதென்று பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். அம்மா என்னைத் தேடவில்லை. கையெழுத்து வாங்கும் வரை அங்கேயே நின்றாள்.

அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் நான் பத்தாம் வகுப்புக்குக்கூடப் போயிருக்கமாட்டேன். இத்தனை வருடமும் நான் என் மார்க்கால் படித்தேன் என்றே எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். கதவுக்குப் பின்னால் ஒளிந்ததை யாரிடமும் சொன்னதில்லை.

ஆறாம் நாள் எழுதி அனுப்பினேன்.

6

இரண்டாம் தடவை கிர்ஸ்டன் மதியம் வந்தார். மதியத்தில்தான் என் நரம்புகள் ரொம்பக் களைத்திருக்கும். மாத்திரை ஒன்றுதான் போட்டிருந்தேன். தரை துடைக்கவில்லை. துவைத்த துணி நாற்காலியில் குவிந்து கிடந்தது. கட்டைகள் சோபாவில் சாய்ந்திருந்தன. மணி அடித்ததும் உடம்பு தானாக எழப் பார்த்தது. தொடை மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"கதவு திறந்துதான் இருக்கிறது."

உள்ளே வந்தவர் கட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துணிகளைச் சற்று ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

"எப்படிப் போகிறது?"

பாடப்புத்தகப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நன்றாக இல்லை" என்றேன். "போன தடவை நான் காட்டியது என் வீடு இல்லை. விருந்தாளிக்காகச் செய்துவைத்த வீடு."

நடந்து காட்டச் சொன்னார். கட்டைகளோடு நடந்தேன். நான்காவது எட்டில் வலது முழங்கால் ஆடியது. பாதம் தரையைத் தேய்த்தது. ஆறாவது எட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். போன தடவை இந்த இடத்தில் தட்டோடு சிரித்துக்கொண்டிருந்தேன்.

கிர்ஸ்டன் எழுதினார். பேனாவை நிறுத்திவிட்டு, "அன்றைக்குக் கீழே வந்தாயே, எப்படித் திரும்ப மேலே போனாய்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. ஆனாலும் சொன்னேன். முதுகைக் காட்டி, கையை ஊன்றி, பிருஷ்டத்தால்.

"காட்ட முடியுமா? முடியாவிட்டால் வேண்டாம்."

வாசலுக்கு வந்து, படியில் உட்கார்ந்து மூன்று படி இறங்கி, அதே மூன்று படியைப் பின்னால் ஏறிக் காட்டினேன். முப்பது வயதில், இன்ஜினியர், ஓர் அரசு ஊழியர் முன்னால், தவழ்கிற குழந்தையைத் திருப்பிப் போட்டதுபோல. காது சூடேறியது. கிர்ஸ்டன் சிரிக்கவில்லை, பரிதாபமும் படவில்லை. எனக்கு ஒரு படி கீழே நின்று, விழுந்தால் பிடிக்கத் தோதாகக் கையை நீட்டி வைத்திருந்தார். அவ்வளவு பக்கத்தில் அவர் நின்ற பிறகு, மிச்சப் படிகள் கஷ்டமாக இல்லை.

அவர் கிளம்பியபோது நான் சோபாவில்தான் இருந்தேன். எழவில்லை. அவரே ஷூவை மாட்டி, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போனார். படிகளில் அவர் காலடிச் சத்தம் தனியாக இறங்கிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் செய்ததிலேயே கஷ்டமானது அப்படி உட்கார்ந்திருந்ததுதான்.

பன்னிரண்டு வாரமும் கிடைத்தது.

7

அந்த வாரங்களைப் பற்றி எழுத அதிகமில்லை. திங்கள், புதன், வெள்ளி. வண்டி வரும், போவேன். இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடை. தரையில் ஒட்டிய மஞ்சள் பட்டைகள் மேல் பாதம் படாமல் தாண்டவேண்டும். தண்ணீர்த் தொட்டிக்குள் நடக்கவேண்டும்; கால் கனம் தெரியாமல் போகும், அதுதான் எனக்கு இந்த ஊரில் கிடைத்த சுருளி அருவி. உடம்பு சூடேறினால் நரம்பு ஒழுகுமென்று, பனிக்கட்டிப் பைகள் தைத்த ஒரு சட்டையைப் போட்டுவிடுவார்கள். நாலாவது வாரம் ஒன்றுமே முன்னேறவில்லை. "இன்று முடியவில்லை" என்று மெட்டேயிடம் சொன்னேன். "சரி, இன்று முடியவில்லை" என்று அவரும் திருப்பிச் சொன்னார். இருவரும் உட்கார்ந்து ஆளுக்கொரு ஆப்பிள் தின்றோம். அடுத்த பயிற்சி நாளில் கொஞ்சம் முடிந்தது.

ஏழாவது வாரம் ஒரு கட்டையை விட்டேன். பத்தாவது வாரம் கைத்தடிக்கு மாறினேன். பன்னிரண்டாவது வாரக் கடைசியில் பதினேழு படியும் ஏறினேன், காலால்.

நோய் போகவில்லை. எலி இன்னும் உள்ளேதான் குடியிருக்கிறது. அடுத்து எப்போது கடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் இருக்கிற நடையை நடந்துகொண்டிருக்கிறேன்.

8

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கம்பத்திலிருந்து வீட்டுக்குப் போக அம்மா ஆட்டோ பிடிக்கிறேன் என்றாள். நான் டவுன் பஸ்ஸில்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். நல்ல கூட்டம். டவுன் பஸ்ஸின் முதல் படி என் வீட்டுப் படிகளைவிட இரண்டு மடங்கு உயரம் என்பது இத்தனை வருடம் அதில் போய்வந்தும் எனக்குத் தெரியாது.

"ஏறுத்தா, ஏறு, வெரசா ஏறு!" கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே கத்தினார்.

எனக்குப் பின்னால் நின்ற அம்மா முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்லப்பா, காலு லேசாச் சுளுக்கு. இந்தா ஏறிட்டா."

"சுளுக்கு இல்லண்ணே" என்றேன், பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி. "நரம்புல சீக்கு. இடுப்புல ஆப்பரேசன் வேற ஆயிருக்கு. எனக்கு வெரசா ஏற வராது. கொஞ்சம் நிப்பாட்டி வைங்க, நானா ஏறிக்கிறேன்."

அம்மா என் முதுகில் ஒரு குத்து விட்டாள். "ஊருக்கே தண்டோரா போடு."

உள்ளேயிருந்து ஓர் அம்மாள் சத்தம் கொடுத்தார். "அந்தப் புள்ள மெதுவா ஏறட்டும்யா! நீ என்ன கலெக்டர் ஆபீசுக்கா போற, ஒனக்கு நேரமாகுது?"

சிரிப்பு எழுந்தது. கைத்தடியை அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு கம்பியையும் பிடித்தேன். இடது கால் மேலே. வலது கால் வருவதற்குக் கொஞ்சம் யோசித்தது, பிறகு வந்தது. இன்னொரு படி. யாரும் என்னைத் தூக்கவில்லை, நானும் யாரையும் பார்க்கவில்லை. சத்தம் கொடுத்த அம்மாள் எழுந்து தன் இடத்தைக் காட்டினார். பரவாயில்லை என்று நான் மறுக்கவில்லை. போய் உட்கார்ந்தேன். ஏறி வந்த அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, கைத்தடியை என் மடியில் போட்டாள்.

கண்டக்டர் குனிந்து, நான் உட்கார்ந்துவிட்டேனா என்று ஒரு தடவை பார்த்தார். அதற்குப் பிறகுதான் விசில் கொடுத்தார்.